போர்டில் எல்லாம் பச்சை, டெலிவரி மட்டும் தாமதம்: ப்ராஜெக்ட் மென்பொருள் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

"ஜிராவில் அப்டேட் பண்ணிட்டீங்களா?" என்ற கேள்வி இப்போது ஐடி கம்பெனிகளோடு நிற்பதில்லை. விளம்பர ஏஜென்சி, கட்டட ஒப்பந்ததாரர், ஏற்றுமதி ஆடை நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று எல்லா இடத்திலும் ஏதோ ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் நுழைந்துவிட்டது. நுழைந்த சில மாதங்களில் இரண்டு புகார்கள் கிளம்புவதும் வழக்கமாகிவிட்டது. நிர்வாகத்தின் புகார்: "காசு கட்டி வாங்கிக் கொடுத்தோம், ஒருத்தரும் அப்டேட் பண்றதில்லை." ஊழியர்களின் புகார்: "வேலையைச் செய்ய விடாமல் வேலையைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். எங்களை வேவு பார்க்கத்தான் இது."

இரண்டு புகார்களும் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. ஒரு வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிவது வேறு, அதற்கு ஒருவர் பதில் சொல்வது வேறு. மென்பொருள் முதலாவதைச் சுலபமாக்கித் தரும். இரண்டாவது தானாக வந்துவிடாது. அவசரப்பட்டு இரண்டாவதை அதட்டி வாங்கப் பார்த்தால் முதலாவதும் கெட்டுப்போகும். அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அடியில் இருப்பது ஐந்து விவரங்கள்

ஜிரா, அசானா, ட்ரெல்லோ, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், பேஸ்கேம்ப் என்று பெயர்கள் பல. அலங்காரங்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு வேலையைப் பற்றிப் பதிவாவது இவ்வளவுதான்:

1. என்ன வேலை. டாஸ்க், டிக்கெட், கார்டு, இஷ்யூ என்று ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.
2. யார் பொறுப்பு. இவரைத்தான் அசைனீ என்கிறார்கள்.
3. எந்தத் தேதிக்குள்.
4. இப்போது எந்த நிலையில் இருக்கிறது. தொடங்கவில்லை, நடக்கிறது, சரிபார்ப்பில் இருக்கிறது, முடிந்தது.
5. எதற்காகக் காத்திருக்கிறது. இன்னொரு வேலை முடிந்தால்தான் இது நகரும் என்ற சார்பு, அதாவது டிபென்டன்சி.

முதல் நான்கை எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் நிரப்பிவிடுவார்கள். ஐந்தாவதைப் பெரும்பாலும் காலியாக விடுவார்கள். தாமதத்தின் காரணம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்தக் காலி இடத்தில்தான்.

இதையெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டிலேயே எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம். நான்கைந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் அதுவே போதும். வித்தியாசம் வரலாற்றில் இருக்கிறது. அலுவலகத்தில் கைமாறும் ஒரு எக்ஸெல் ஃபைலில் கெடு 10-ஆம் தேதியிலிருந்து 17-ஆம் தேதிக்கு மாறினால், யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. ப்ராஜெக்ட் மென்பொருளில் ஒவ்வொரு கார்டின் அடியிலும் அந்த மாற்றம் பெயரோடும் நேரத்தோடும் நிற்கும். வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பது இதற்கு நேர் எதிர். "சரி சார், நாளைக்கு முடிச்சிடறேன்" என்ற வாக்குறுதி மாலைக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். மறுநாள் அது சொன்னவருக்கும் நினைவிருக்காது, கேட்டவருக்கும் நினைவிருக்காது.

எழுதும் கை மாறிய கதை

இந்த மென்பொருள்களில் புதிதாகத் தெரிகிற பலவும் பழைய சரக்கு. தேதிகளைக் குறுக்கே வைத்து, வேலைகளைப் பட்டைகளாக நீட்டும் கான்ட் சார்ட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட். அது 1910-கள். வேலைகளுக்கு இடையிலான சார்பை வலைப்பின்னலாக வரைந்து கணக்கிடும் பெர்ட் முறை 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. எந்த வேலைகள் தள்ளினால் மொத்தத் திட்டமும் தள்ளும் என்று பார்க்கும் கிரிட்டிகல் பாத் கணக்கீடு கிட்டத்தட்ட அதே காலத்தில் டூபான்ட் நிறுவனத்தில் பிறந்தது. வேலைகளைக் கார்டுகளாக்கி, நிலைவாரியான பத்திகளில் நகர்த்தும் கன்பான் போர்டின் வேர், டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ கொண்டுவந்த அட்டை முறை.

கணினிக்கு வந்தபோதும் முதலில் இது நிபுணரின் கருவியாகத்தான் இருந்தது. 1984-இல் டாஸ் கணினிகளுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் திட்டமிடுபவர் ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போடுவார், அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். 2002-இல் சிட்னியைச் சேர்ந்த அட்லாசியன் வெளியிட்ட ஜிரா, 2004-இன் பேஸ்கேம்ப், 2006-இல் சென்னையிலிருந்து வந்த ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், 2011-இன் ட்ரெல்லோ எல்லாம் பிரவுசரில் திறப்பவை. (ட்ரெல்லோவை 2017-இல் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.)

இத்தனை ஆண்டுகளில் வரைபடங்கள் பெரிதாக மாறவில்லை. எழுதும் கை மாறியது. முன்பு திட்டமிடுபவர் ஊழியர்களிடம் கேட்டு எழுதினார். இப்போது வேலை செய்பவரே தன் வேலையின் நிலையை எழுதுகிறார். ஆகவே போர்டில் இருப்பது உண்மையா இல்லையா என்பது, உண்மையை எழுதினால் தனக்கு என்ன ஆகும் என்று அவர் போடும் மனக்கணக்கைப் பொறுத்தது. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் லைசென்ஸ் வாங்கும் அலுவலகங்களில்தான் மேலே சொன்ன இரண்டு புகார்களும் எழுகின்றன.

மூன்று பார்வைகள், மூன்று கேள்விகள்

ஒரே தகவலை மென்பொருள் பல விதமாக அடுக்கிக் காட்டும். பட்டியல் பார்வை "இன்று நான் என்ன செய்ய வேண்டும்" என்பதற்குப் பதில். போர்டு பார்வை "வேலை எங்கே தேங்கி நிற்கிறது" என்பதற்குப் பதில். கான்ட் பார்வை "இது தள்ளிப்போனால் வேறு எதெல்லாம் தள்ளிப்போகும்" என்பதற்குப் பதில். தன் நாளைத் திட்டமிட வேண்டிய ஊழியரைக் கான்ட் சார்ட்டின் முன் உட்கார வைப்பதும், கிளையன்ட்டிடம் தேதி சொல்ல வேண்டிய மேனேஜர் போர்டையே வெறித்துப் பார்ப்பதும் வீண்.

ஒரு கார்டை அருகில் பார்ப்போம்

தீபாவளிக்கு முன் ஆன்லைன் விற்பனை தொடங்க நினைக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு ஐந்து பேர் கொண்ட குழு இணையதளம் செய்துதருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் போர்டில் இப்படி ஒரு கார்டு இருக்கிறது:

தலைப்பு: பேமென்ட்.
பொறுப்பு: டெவலப்பர், டிசைனர்.
கெடு: சீக்கிரம்.
நிலை: நடக்கிறது, 90 சதவீதம்.

மூன்று வாரமாக இந்தக் கார்டு இதே இடத்தில் நிற்கிறது. தினசரி ஸ்டாண்டப்பில், அதாவது குழு கூடும் சின்னக் கூட்டத்தில், கேட்டால் "கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்ற பதில் வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை, டெவலப்பர் தன் நிரலை, அதாவது கோடை, எழுதி முடித்துவிட்டார். ஆனால் பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம் நிஜக் கணக்கைத் திறந்துவிட வேண்டுமானால் கடையின் பான், ஜிஎஸ்டி சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, ரீஃபண்ட் பற்றிய பக்கங்களும் இருக்க வேண்டும். ரீஃபண்ட் பக்கத்தில் என்ன எழுதுவது? வாங்கிய புடவையை எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அறுத்துத் தைத்த பிளவுஸைத் திருப்ப முடியுமா முடியாதா என்பதைக் கடை முதலாளிதான் சொல்ல வேண்டும். அவர் கொள்முதலுக்காகச் சூரத் போயிருக்கிறார். அவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. "பேமென்ட்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிய கார்டில் அதற்கு இடமே இல்லை.

இதையே பிரித்து எழுதினால்:

1. ரீஃபண்ட் விதியைக் கடை முதலாளியிடம் எழுத்தில் வாங்குவது. பொறுப்பு: கிளையன்ட்டோடு பேசுபவர். கெடு: செப்டம்பர் 12.
2. மூன்று விதிப் பக்கங்களையும் தளத்தில் ஏற்றுவது. பொறுப்பு: டிசைனர். கெடு: செப்டம்பர் 14. காத்திருப்பது: முதல் கார்டு.
3. பான், ஜிஎஸ்டி, வங்கி விவரங்களைக் கேட்வேயிடம் கொடுப்பது. பொறுப்பு: கிளையன்ட்டோடு பேசுபவர். கெடு: செப்டம்பர் 14.
4. கேட்வேயின் ஒப்புதல். வேலை வெளியார் கையில் இருந்தாலும், தினமும் விசாரித்துக் கார்டில் ஒரு வரி எழுதுபவர் டெவலப்பர். காத்திருப்பது: 2, 3.
5. 10 ரூபாய்க்கு நிஜ ஆர்டர் ஒன்று போட்டு, பணம் கடைக் கணக்கில் விழுந்ததா, ரீஃபண்ட் கொடுத்தால் திரும்பி வந்ததா என்று பார்ப்பது. பொறுப்பு: டெஸ்டர். காத்திருப்பது: 4.

இப்போது இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, "முடிந்தது" என்பதற்கு அடையாளம் கிடைத்துவிட்டது. கோடு எழுதியாயிற்றா என்று கேட்க வேண்டியதில்லை, 10 ரூபாய் போய்த் திரும்பி வந்ததா என்று கேட்டால் போதும். இரண்டு, கிரிட்டிகல் பாத் தெரிகிறது. புடவைகளைப் படமெடுக்கும் வேலை மூன்று நாள் தள்ளிப்போனாலும் திறப்புத் தேதிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், அதற்கு இடைவெளி இருக்கிறது. முதலாளி எழுதித்தர வேண்டிய அந்த நான்கு வரிகள் ஒரு நாள் தள்ளினால் திறப்பும் ஒரு நாள் தள்ளும். தளத்திலேயே மிகச் சின்ன வேலை அது, மொத்தத் திட்டமும் அதன் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த 90 சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் 90 சதவீதக் கோடு 90 சதவீத நேரத்தைத் தின்னும், மிச்சம் 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தைத் தின்னும் என்று பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் சொன்ன நகைச்சுவை மென்பொருள் துறையில் பல காலமாகப் புழங்குகிறது. சதவீதம் என்பது செய்பவரின் மனநிலையை அளக்கிறது. கார்டுகளைச் சிறிதாக உடைத்துவிட்டு, முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டே பதில்களை வைத்துக்கொள்வதுதான் நம்பகமானது.

ஒரு வேலைக்கு ஒரு பெயர்

மேலே இருந்த பழைய கார்டில் இரண்டு பேர் பொறுப்பு. இரண்டு பேர் பொறுப்பு என்றால் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம், மற்றவர் பார்த்துக்கொள்வார்.

இந்த விஷயத்தில் மென்பொருள்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ட்ரெல்லோவில் ஒரு கார்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அசானாவில் ஒரு டாஸ்குக்கு ஒரே அசைனீதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஜிராவும் அடிப்படையில் ஒரு பெயரைத்தான் கேட்கும். ஆப்பிள் நிறுவனத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நேரடிப் பொறுப்பாளர் ஒருவர் என்று பெயர் குறிக்கும் வழக்கம் பிரபலம்.

ஒரு பெயர் என்றால் அவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்யலாம். "இது எந்த நிலையில் இருக்கிறது?" என்ற கேள்விக்கு விழிக்காமல் பதில் சொல்பவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். செய்பவரையும் பதில் சொல்பவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத குழுக்களில்தான் "என் பேரை ஏன் போட்டீங்க?" என்ற சண்டை வரும்.

கையில் எத்தனை வேலை?

போர்டைப் பார்த்தவுடன் சட்டென்று புலப்பட வேண்டியது "நடக்கிறது" என்ற பத்தியின் நீளம். அது நீண்டுகொண்டே போவதைச் சுறுசுறுப்பின் அடையாளமாகப் பல மேனேஜர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு எளிய விதி: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும். வாரத்துக்கு 4 வேலை முடிக்கும் குழுவின் கையில் 20 வேலை இருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 5 வாரம் எடுக்கும். அதே குழு, அதே வேகத்தில், ஒரு நேரத்தில் 8 வேலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை.

இதனால்தான் கன்பான் போர்டுகளில் ஒரு பத்தியில் இத்தனை கார்டுதான் இருக்கலாம் என்று வரம்பு போடும் வசதி இருக்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் கிளையன்ட்டிடம் "இதை இப்போது எடுக்க முடியாது, அடுத்த வாரம்தான்" என்று யாராவது சொல்ல வேண்டிவரும். அந்த வாக்கியத்தைச் சொல்லும் தைரியத்தை மென்பொருள் தராது.

பச்சை விளக்கு சொல்லும் பொய்

இனி சிக்கலான பகுதி. மேலே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் திட்ட மேலாளர்கள் வட்டாரத்தில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்பார்கள். நிலை அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருக்கும். டெலிவரிக்கு முந்தின வாரம் வெட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

பொதுவெளியில் பதிவான உதாரணங்களில் மிகவும் துலக்கமானது ஃபோர்டு கார் நிறுவனத்தினுடையது. 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டு ஃபோர்டு அடைந்த நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். முலாலி வியாழக்கிழமைதோறும் உயரதிகாரிகளின் கூட்டம் போட்டார். ஒவ்வொருவரும் தங்கள் பிரிவின் திட்டங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்ட வேண்டும். வாரா வாரம் வந்ததெல்லாம் பச்சை. இத்தனை நூறு கோடி டாலரை இழந்துகொண்டிருக்கும் கம்பெனியில் சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று அவர் கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் வட, தென் அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், எட்ஜ் என்ற புது வண்டியின் வெளியீட்டைச் சிவப்பில் காட்டினார். ஒரு கோளாறு, காரணம் பிடிபடவில்லை, உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார். பழைய ஃபோர்டில் அந்த ஆளின் வேலை போய்விடும் என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். பிறகு, இதில் யார் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். உதவி செய்யப் பலர் முன்வந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின.

அட்டவணை ஒன்றுதான், நிறங்கள் அவைதான், ஆட்களும் அவர்கள்தான். சிவப்பு காட்டியவருக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் மாறியது. எந்த மென்பொருளை வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் நிறுவனங்கள் இந்த ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும் என்பது என் எண்ணம்.

பொய்ப் பச்சைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில சமயம் அட்டவணை, வெளியாருக்குக் காட்டுவதற்காகவே உயிர் வாழும். பொலாரிஸ் திட்டத்தை ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர் ஹார்வி சாபோல்ஸ்கி 1972-இல் வந்த முடிவு இதுதான்: அந்தப் புகழ்பெற்ற பெர்ட் முறை ஏவுகணையைக் கட்டுவதில் செய்த உதவி சொற்பம். "எல்லாம் அறிவியல் முறைப்படி நடக்கிறது" என்ற தோற்றத்தைக் கொடுத்து, மேலிடத்துத் தலையீடுகளைத் தடுத்து நிறுத்தியதுதான் அதன் பெரிய உதவி. திட்டம் வெற்றிபெற்றது, 1960 ஜூலையில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுகணை பாய்ந்தது. பெயர் பெர்ட்டுக்கும் கிடைத்தது. இன்றும் கிளையன்ட்டுக்குக் காட்ட ஒரு போர்டு, குழுவுக்குள் வேறு எக்ஸெல் ஷீட் என்று இரட்டைக் கணக்கு வைத்திருக்கும் இடங்கள் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

நம் ஊருக்கு வந்தால், மத்திய அரசின் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய உள்கட்டமைப்புத் திட்டங்களின் தாமதத்தையும் செலவு அதிகரிப்பையும் கணினி வழியே தொகுத்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. விவரங்களை ஏற்றுவது திட்டத்தை நடத்தும் நிறுவனங்களே. பல நிறுவனங்கள் திருத்திய மதிப்பீட்டையும் திருத்திய முடிவுத் தேதியையும் தெரிவிப்பதில்லை, எனவே இங்கே காட்டப்படும் தாமதம் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம் என்று அந்த அறிக்கைகளே திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருக்கின்றன. ஐந்து பேர் குழுவில் நடப்பதே ஆயிரக்கணக்கான கோடியிலும் நடக்கிறது.

அந்த அறிக்கைகள் தாமதத்துக்கு அடுக்கும் காரணங்களில் நிலம் கையகப்படுத்தல், வனத்துறை அனுமதி போன்றவை அடிக்கடி வரும். இவை தளத்தில் நிற்கும் பொறியாளர் கையில் இல்லை. 2015 மார்ச் 25 அன்று தொடங்கிய பிரகதி என்ற மத்திய அரசின் திட்ட ஆய்வு ஏற்பாட்டில் பிரதமர், மத்தியத் துறைச் செயலர்கள், மாநிலத் தலைமைச் செயலர்கள் ஆகியோர் காணொலியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து குறிப்பிட்ட சில திட்டங்களை எடுத்துப் பேசுகிறார்கள். அதன் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வடிவமைப்பில் ஒரு பாடம் இருக்கிறது: தடையை நீக்கும் அதிகாரம் உள்ளவர் கண்ணில் அந்தத் தடை பட வேண்டும். அது படாத வரை நூறு பேர் பார்க்கும் போர்டும் சுவரில் மாட்டிய காலண்டரும் ஒன்றுதான்.

கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது

இப்போது ஊழியர்களின் புகாருக்கு வருவோம். ப்ராஜெக்ட் மென்பொருள் வேலையைப் பின்தொடர்கிறது. ஊழியரின் திரையை இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுப்பது, கீபோர்டு தட்டல்களை எண்ணுவது போன்றவற்றைச் செய்யும் மென்பொருள்கள் ஆளைப் பின்தொடர்கின்றன. இரண்டும் வேறு வகை. ஆனால் எல்லைக்கோடு நாம் நினைப்பதைவிட மெல்லியது. 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் 365 என்ற அலுவலக மென்பொருள் சேவையில் கொண்டுவந்த ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர் வசதியில், யார் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், அரட்டையில் கலந்துகொண்டார் என்பதெல்லாம் பெயரோடு நிர்வாகிகளுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் தொடக்கத்திலேயே தனி நபர் பெயர்களை நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

பெயர் தெரிவதில் இன்னொரு ஆபத்து, எண்ணிக்கை. பிரிட்டிஷ் பொருளாதார வல்லுநர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையை வைத்து முன்வைத்த கருத்து இன்று அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஓர் அளவீட்டை இலக்காக வைத்துவிட்டால் அது அளவீடாக இருக்கும் தகுதியை இழக்கிறது. மாதம் யார் அதிக டிக்கெட் மூடினார் என்று பார்த்து அப்ரைசல் மார்க் போட்டால், அடுத்த மாதம் ஒரு டிக்கெட் ஐந்தாகப் பிளக்கும். கஷ்டமான வேலையைத் தொட ஆள் இருக்காது. பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவரின் கணக்கில் அன்று பூஜ்யம்.

ஆகவே கார்டுக் கணக்கை அப்ரைசலோடு நேராக முடிச்சுப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொறுப்பு கேட்க வேண்டிய இடம் வேறு: கெடு தாண்டும் என்று தெரிந்தபின் எவ்வளவு நாள் கழித்துச் சொன்னார்? 10-ஆம் தேதி முடியாது என்பதை 6-ஆம் தேதியே எழுதியவர் தன் பொறுப்பை நிறைவேற்றியிருக்கிறார். 11-ஆம் தேதி கேட்டபின் சொன்னவர் நிறைவேற்றவில்லை. இருவருக்கும் வேலை ஒரே நாள்தான் தாமதம். கார்டின் அடியில் இருக்கும் வரலாறு இந்த வித்தியாசத்தைக் காட்டும், டிக்கெட் எண்ணிக்கை காட்டாது.

முதலில் தீர்மானிக்க வேண்டிய விதிகள்

லைசென்ஸ் வாங்கும் முன் குழு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை:

1. ஒரே இடம். வாட்ஸ்அப்பிலும் போனிலும் பேசலாம். ஆனால் கார்டில் ஏறாத முடிவு முடிவில்லை. மேனேஜரும் இதற்குக் கட்டுப்பட்டவர். போனில் வேலை கொடுத்துவிட்டுப் போர்டில் தேடும் மேனேஜர்கள்தான் இந்த மென்பொருள்களுக்கு முதல் எதிரி.

2. கெடுவை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு வரி காரணத்தோடும் கெடு வருவதற்கு முன்னும்.

3. "தடை" என்று குறித்த கார்டுக்கு ஒரு நாளுக்குள் பதில் வர வேண்டும். யார் பதில் தருவார் என்ற பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டு முறை அனுபவப்பட்டவர் மூன்றாம் முறை போட மாட்டார்.

4. கூட்டம் போர்டைத் திறந்து வைத்து நடக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து, அதாவது முடியும் தறுவாயில் இருக்கும் கார்டுகளிலிருந்து தொடங்கி இடப்பக்கம் வருவது நல்லது. ஒவ்வொருவராக "நேத்து இதைப் பண்ணேன், இன்னிக்கு இதைப் பண்ணப் போறேன்" என்று ஒப்பிக்க வேண்டாம், அதைத்தான் போர்டு சொல்கிறதே. நின்றுபோனதைப் பற்றி மட்டும் பேசினால் 15 நிமிடம் தாராளம்.

5. இரண்டு வாரமாக யாரும் தொடாத கார்டை மூடுங்கள், அல்லது திருத்தி எழுதுங்கள். செத்த கார்டுகள் நிறைந்த போர்டை யாரும் நம்புவதில்லை.

நான்காவது விதிக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2013 அக்டோபர் 1 அன்று திறந்த அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர்.கவ் முதல் நாளே முடங்கியது. அன்று வெற்றிகரமாகப் பதிவு செய்தவர்கள் 6 பேர். மீட்புக்கு வந்தவர்கள் கண்ட முதல் குறை, தளம் எந்த நிலையில் ஓடுகிறது என்பதைக் காட்டும் பொதுவான அளவீட்டுத் திரையே இல்லை என்பது. டஜன் கணக்கான ஒப்பந்த நிறுவனங்கள், ஆளுக்கொரு பக்கம் கை காட்டல். மீட்புக் குழுவில் இருந்த மைக்கி டிக்கர்சன் கூட்டத்துக்கு மூன்று விதி வைத்தார்: கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க மட்டும், யார் மேல் பழி என்று பேச வேறு இடம் உண்டு. பதவியில் பெரியவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நம்மை அடிக்கப்போகும் சிக்கல்களை மட்டும் எடுப்போம். டிசம்பர் தொடக்கத்துக்குள் தளம் பெரும்பாலோருக்குப் பயன்படும் நிலைக்கு வந்தது.

எந்த மென்பொருள்?

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பத்துப் பேருக்குக் குறைவான, மென்பொருள் எழுதாத குழுவுக்கு ஜிரா கனமானது, ட்ரெல்லோ மாதிரியான போர்டு போதும். சார்புகளும் தேதிகளும் முக்கியமான கட்டடம், கண்காட்சி, இயந்திரம் நிறுவும் வேலைகளுக்குக் கான்ட் வசதி நன்றாக உள்ளதைப் பாருங்கள். கோடு எழுதும் குழுவுக்கு ஜிரா அல்லது ஜோஹோ ஸ்பிரின்ட்ஸ் பழக்கமான வடிவம். பெரும்பாலானவை ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவை. ஆகவே எப்போதாவது எட்டிப்பார்க்கும் கிளையன்ட்டுக்கும் சப்ளையருக்கும் இலவச விருந்தினர் கணக்கு உண்டா, அவர்களுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை, இலவசக் காலம் முடிவதற்குள் செய்ய வேண்டியது. உங்கள் ப்ராஜெக்டை முழுசாக வெளியே எடுத்துப் பாருங்கள். பலவற்றில் கார்டுகளின் தலைப்பும் தேதியும் எக்ஸெலில் திறக்கும் சிஎஸ்வி ஃபைலாக எளிதில் வந்துவிடும். பின்னூட்டங்கள், இணைத்த கோப்புகள், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு ஆகியவை அதோடு வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால், மூன்று வருடம் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறும்போது அந்த வரலாறு அங்கேயே தங்கிவிடும். கிளையன்ட்டோடு தாமதம் குறித்த பில் தகராறு வந்தால் நீங்கள் தேடப்போவதும் அதைத்தான்.